நொட்டாங்கை மடிப்பு

மார்ச் 11, செவ்வாய்

பவழக்கொடி மசாலாக் கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தரம் பார்க்கும் வேலையில் இருந்த உலகம்மாளை இன்று காலை வெளியே அனுப்பிவிட்டார்கள். மிளகாய்ப் பொடியில் சாயம் சேர்க்கிறார்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்குப் பெயர் போடாமல் எழுதியது அவள்தான் என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. தெரியப்படுத்தியவன் நான்.

இந்த டைரி சர்க்கரைக்காக வைத்தது. வெறும் வயிற்றில் எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், எத்தனை தூரம் நடந்தேன் என்று தினமும் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இன்று 162. மூன்று இட்லி, பொட்டுக்கடலைச் சட்னி. ரயில்வே கேட் வரைக்கும் நடை. இதற்கு மேல் எழுதுவது டாக்டர் கேட்டதல்ல. மாசக் கடைசியில் எண்களை மட்டும் வேறு தாளில் எழுதி எடுத்துப் போய்க்கொள்ளலாம்.

நடந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை முதலாளி தெய்வநாயகம் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். மேஜை மேல் செய்தித்தாளில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்று இருந்தது. புகார்க் கடிதத்தோடு உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்குப் போன மாதிரிப் பொடியாம். அங்கே அவருக்கு வேண்டிய ஒருவர் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இது யார் மடித்தது என்று பேச்சு வந்தது.

நாற்பது வருஷமாக மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கிறேன். காம்பைக் கிள்ளிப் பார்த்தால் கரிசலில் விளைந்ததா செவலில் விளைந்ததா என்று சொல்லிவிடுவேன். ஒன்றைப் பார்த்ததும் அது எங்கிருந்து வந்தது என்று சொல்வது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. கண் பார்த்தது, வாய் சொல்லிவிட்டது. "உலகு மடிச்சது மாதிரி இருக்கு" என்றேன். வாய் தவறி வந்த வார்த்தை.

பிறகு மற்ற வியாபாரமும் பேசி முடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 12, புதன்

178. நேற்று சாயங்காலம் கருப்பட்டிச் சேவு தின்றேன். அதுதான்.

மார்ச் 14, வெள்ளி

171. நடக்கப் போகவில்லை. ரயில்வே கேட்டுக்குப் போகிற வழியில்தான் உலகம்மாள் வீடு.

அவளைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். அவளுக்குப் பதினெட்டு வயதில் என் மண்டிக்கு வேலைக்கு வந்தாள். அப்பன் லாரியில் போனவன் திரும்பி வரவில்லை. காலையில் மண்டியில் வேலை, மத்தியானத்துக்கு மேல் கல்லூரியில் வேதியியல் படிப்பு. மூட்டை வாயைப் பிரித்து ஒரு கைப்பிடி எடுத்து, வாங்க வருகிறவர்களுக்கு மாதிரிப் பொட்டலம் கட்டித் தருவதுதான் அவள் வேலை. வந்த முதல் நாளே கணக்குப்பிள்ளை சத்தம் போட்டார். நொட்டாங்கையால் பொட்டலத்தை நீட்டினாளாம். வியாபாரம் நடக்கிற இடத்தில் நொட்டாங்கை ஆகாதாம்.

நானும் நொட்டாங்கைக்காரன். மூட்டை தூக்க வந்த காலத்தில் இந்தக் கையில் வாங்கின அடி கொஞ்சமில்லை. சொந்தக் கடை போட்ட அன்றைக்கு முதல் வேலையாக, கல்லாவை இடப்பக்கம் மாற்றி வைத்தேன். ஆகவே அவளை விடச் சொன்னேன். என் மடிப்பையும் சொல்லிக்கொடுத்தேன். தாளை முக்கோணமாக மடிக்க வேண்டும், இரண்டு காதையும் உள்ளே திருப்ப வேண்டும், மேலே மிஞ்சுகிற நாக்கை இடப்பக்கம் செருக வேண்டும். நூலும் வேண்டாம், பசையும் வேண்டாம். தூக்கி எறிந்தாலும் ஒரு விதை சிந்தாது. மற்றவர்கள் மடித்தால் நாக்கு வலப்பக்கம் போகும், இல்லாவிட்டால் நடுவில் நிற்கும். இந்த ஊரில் இடப்பக்கம் செருகுகிறவர்கள் இரண்டே பேர்.

படிப்பு முடிந்து சில வருஷம் கழித்து, பவழக்கொடியில் தரம் பார்க்க ஆள் வேண்டும் என்றபோது நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். "கெட்டிக்காரி, பொய் சொல்ல வராது" என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. முதலாளிக்கும் நினைவிருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

184.

உலகம்மாள் மீது திருட்டுப் புகார் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனிச் சரக்கு, மிளகாய்ப் பொடி, இருநூறு கிராம். ஸ்டேஷனில் காலையில் வந்து உட்காரச் சொல்லி மத்தியானம் அனுப்புகிறார்களாம். மூன்று நாளாக இதே கதை. அவளுக்கு ஒரு மகள், பத்தாவது. இந்த மாசக் கடைசியில் பரீட்சை. புருஷன் திருப்பூரில் இருக்கிறான் என்பது பேருக்கு.

டீக்கடையில் இதே பேச்சு. லாரி ஆபீஸ் காசிராஜன், "இருநூறு கிராம் பொடிய வித்து மாடி வீடு கட்டப் பாத்திருப்பா" என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி கண்ணு இருக்கே, அது கேமராவுல்ல. ஒரு பொட்டலத்தப் பாத்து ஆளச் சொல்லிட்டாகளாமே" என்றான். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை, அவனே கொடுத்தான். பாராட்டுகிறான் என்று முதலில் நினைத்தேன். கடைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. எழுந்து வரும்போது ஒருவரும் என்னோடு சேர்ந்து எழவில்லை.

மண்டியில் இன்று வரத்து குறைவு. சாத்தூர்ப் பக்கத்து வத்தல் நூற்றுப் பத்து மூட்டை. நல்ல நிறம்.

மார்ச் 21, வெள்ளி

191. ஒன்றும் இனிப்புத் தின்னவில்லை.

என் பெண்சாதி சண்முகக்கனிக்குத் தெரிந்துவிட்டது. கோவிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"நாப்பது வருசமா ஒங்ககூட இருக்கேன். ஒங்க வாய் தவறி நான் பாத்ததே இல்லையே" என்றாள்.

உலகு மண்டியில் இருந்த காலத்தில் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். கனிதான் போடுவாள். உலகு கல்யாணத்துக்குப் புடவை எடுத்ததும் கனிதான். இதையெல்லாம் கனி சொல்லவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டேன். அவள் கேட்டது வேறு.

"நம்ம வீட்டுக்குள்ள அந்தக் கம்பெனிப் பொடி ஏங்க வரக்கூடாதுன்னீக?"

ஒரு வருஷத்துக்கு முன்னால் சொன்னது அது. நம் கடையில் முதல் தரமான வத்தல் இருக்கும்போது வெளிப்பொடி எதற்கு, காயவைத்து மில்லில் அரைத்துக்கொள் என்றேன். நியாயமான பேச்சுத்தானே. அப்படியே பதில் சொன்னேன்.

"நம்ம மண்டியில மூட தூக்குறானே சுப்பையா, அவன் வீட்டுல அஞ்சு ரூபாப் பாக்கெட்டுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். ரசம் ஊற்ற வரவில்லை. நானே ஊற்றிக்கொண்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

188.

கம்பெனிக்கு அறுபது மூட்டை வெளுத்த வத்தல் போயிற்று. காய்கிற நேரத்தில் மழை பட்டால் வத்தல் வெள்ளை பாய்ந்துவிடும். காரம் கொஞ்சம் இருக்கும், நிறம் போய்விடும். எந்த மண்டியிலும் ஒரு மூலையில் கிடக்கும். முன்பெல்லாம் வந்த விலைக்குத் தள்ளுவோம். பதினாலு மாசமாக முழுதையும் பவழக்கொடி எடுத்துக்கொள்கிறது. அதை அரைத்தால் பொடி செங்கல் நிறத்துக்குக்கூட வராது. பாக்கெட்டில் இருக்கிற பொடியோ குங்குமம் மாதிரி இருக்கிறது. நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்பது வத்தல் விற்கிறவன் வேலை இல்லை என்று வைத்திருந்தேன்.

இந்தச் சரக்குக்கு விலையை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து முடிப்போம். பழைய மண்டிப் பழக்கம். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக ஏற்பட்டது. நல்ல சரக்குக்கெல்லாம் இப்போது போனிலேயே விலை பேசிவிடுகிறோம். இதற்கு மட்டும் துண்டு.

இப்போது குவிண்டாலுக்கு நானூறு கூட வருகிறது. முதலாளி கூப்பிட்ட சனிக்கிழமை பேசியது.

மார்ச் 29, சனி

சர்க்கரை பார்க்கவில்லை.

நேற்று உலகம்மாள் வீட்டுக்குச் சுப்பையாவிடம் ஒரு மூட்டை பொன்னி அரிசி கொடுத்து அனுப்பினேன். யார் கொடுத்தது என்று கேட்டால் சண்முகக்கனி என்று சொல்லச் சொன்னேன். இன்று காலையில் மூட்டை அப்படியே திரும்பி வந்துவிட்டது. "யக்கா குடுத்துவிடுறதா இருந்தா அவுகளே வருவாகன்னு சொல்லுச்சு அண்ணாச்சி" என்றான் சுப்பையா. கூடவே ஒரு பொட்டலம். என்னிடம் கொடுக்கச் சொன்னாளாம்.

மடிப்பைப் பார்த்தேன். நாக்கு இடப்பக்கம்.

பிரித்தால் மிளகாய்ப் பொடி, இரண்டு தேக்கரண்டி இருக்கும். தாளின் உள்பக்கத்தில் பேனாவால், 'தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.'

போட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இருந்தாலும் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை தூவினேன். நல்ல பொடி மிதந்து கிடக்கும், மெதுவாக அடியில் போய்ப் படியும், தண்ணீர் அவ்வளவாக நிறம் மாறாது. இது தண்ணீரைத் தொட்டதுமே சிவப்பு நூல் நூலாக இறங்கியது. டம்ளர் முழுக்கத் திரி விட்ட மாதிரி. சுப்பையா பக்கத்தில் நின்று பார்த்தான். "நல்ல கலரு, என்ன அண்ணாச்சி?" என்றான்.

டம்ளரை நானே கழுவினேன். விளிம்பில் கறை போக ரொம்ப நேரம் ஆயிற்று.

ஏப்ரல் 2, புதன்

203. டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டார். வியாபாரத்தில் ஏதாவது கவலையா என்று கேட்டார். இந்த வருஷம் விலை நன்றாக இருக்கிறது என்றேன்.

உலகம்மாளுக்காக வாதாடுகிற வக்கீலம்மா கடைக்கு வந்தார். சின்ன வயது. எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. புகார் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அந்த ஆபீசின் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறதாம். ஆனால் பொட்டலம் கம்பெனிக்கு வந்தது என்பதற்கு அத்தாட்சி இல்லை. ஆபீசில் கேட்டால் பொட்டலம் பத்திரமாக இருக்கிறது என்கிறார்கள். அதைத் திருப்பி உள்ளே வைத்திருப்பார்கள். பொட்டலத்தை முதலாளி மேஜையில் பார்த்த வெளியாள் ஒரே ஒருவர். அவர் சொன்னால், புகார் எழுதியதற்காகத்தான் உலகம்மாளை நீக்கினார்கள் என்று நிற்கும். சொல்லாவிட்டால் அவள் வெறும் திருடி. கூடவே வெளுத்த வத்தல் விற்ற பில்லும் இருந்தால் சாயக் கதை தானாக வெளியே வரும் என்றார்.

சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்றேன்.

"அவங்க மகளுக்கும் பரீட்சை சீசன்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மோர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

கம்பெனியில் கூப்பிட்டார்கள். முதலாளி எழுந்து வந்து கையைப் பிடித்தார். அண்ணாச்சி நம்ம ஆளு என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் ஒரு தாளை நீட்டினான். வேலையை விட்டு அனுப்பிய நாளில் கம்பெனிக்கு வந்திருந்தேன், உலகம்மாள் பையைச் சோதித்தபோது அதிலிருந்து பொட்டலம் எடுத்ததைக் கண்ணால் பார்த்தேன், மடிப்பு அவளுடையதுதான் என்று எனக்குத் தெரியும் என்று நான் சொல்லுவதாக எழுதியிருந்தது. கீழே என் பெயர், தகப்பனார் பெயர், வயது. எல்லாம் சரியாக இருந்தன.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கம்பெனிப் பக்கமே போகவில்லை.

புதன்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்கள். கண்ணாடி கொண்டுவரவில்லை, வீட்டில் படித்துப் பார்த்துக்கொடுக்கிறேன் என்று வாங்கி வந்தேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார் தெய்வநாயகம். "அடுத்த வருசமும் வெளுத்தது முழுக்க ஒங்ககிட்டதான் அண்ணாச்சி" என்றார்.

வருஷத்துக்கு என் வியாபாரத்தில் பாதி அந்தக் கம்பெனி.

ஏப்ரல் 6, ஞாயிறு

பங்குனிப் பொங்கலுக்குக் கடைவீதி முழுக்க அடைப்பு. கனி கோவிலுக்குப் போயிருக்கிறாள். வீட்டில் நான் மட்டும்.

மார்ச் 11-ஆம் தேதி எழுதியதை இன்று படித்துப் பார்த்தேன். நல்ல வியாபாரி எழுதின எழுத்து. எடை சரியாக இருக்கிறது, உள்ளே கல் கிடக்கிறது.

அன்றைக்கு நடந்ததைச் சரியாக எழுதிவிடுகிறேன்.

தெய்வநாயகம் பொட்டலத்தை என் பக்கம் தள்ளி, யார் மடித்தது என்று கேட்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: "அண்ணாச்சி, இது ஒங்க கடை மடிப்புல்ல?" மேனேஜர் போய்க் கதவைச் சாத்தினான். முதலாளி என்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். வெளுத்த வத்தல் விஷயம் வெளியில் தெரிந்தவன் நான் ஒருவன். மடிப்பும் என் மடிப்பு. அந்த நாற்காலியில் குற்றவாளியாக நான் உட்கார்ந்திருந்தது பத்து மூச்சு நேரம் இருக்கும்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என்னிடம் வேலை பார்த்துப் போனவர்கள் ஐம்பது பேர், எவன் மடித்தானோ என்று சொல்லியிருக்கலாம். அரை மணி நேரம் திட்டியிருப்பார், ஒரு மாசம் சரக்கு எடுக்காமல் இருந்திருப்பார். பிறகு என்னிடம்தான் வந்திருப்பார். வெளுத்ததை இவ்வளவு கொடுக்க வேறு ஆள் இல்லை. இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். லாப நஷ்டம் பார்க்க எனக்குப் பத்து மூச்சு தாராளம்.

"நான் மடிக்கல. நொட்டாங்கை மடிப்பு இன்னொருத்திக்கும் தெரியும். ஒங்க கம்பெனியிலதான் இருக்கா" என்றேன். பெயரைக்கூடச் சொல்லவில்லை. டைரியில் சொன்னதாக எழுதியிருக்கிறேன். பெயரைச் சொல்லாமல் சொன்னது அதைவிடக் கேவலம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

அவர் முகம் தெளிந்தது. தோளில் இருந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். உள்ளே நாலு விரலைப் பிடித்தார். நான் தலையாட்டினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. தைப் பொங்கலுக்கு மறுவாரம் உலகு மண்டிக்கு வந்திருந்தாள். சோதனையில் சாயம் வருகிறது, முதலாளியிடம் சொன்னேன், நோட்டில் எழுதினேன், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நல்லபடியாக எழுதி வைத்துவிட்டார்கள் என்றாள். வெளுத்ததை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள் என்று கேட்டாள். "ஒன் வேலைய நீ பாரு, என் வேலைய நான் பாக்கேன்" என்றேன். அவள் அவள் வேலையைத்தான் பார்த்திருக்கிறாள்.

ஆக, பொட்டலத்தைப் பார்க்கும் முன்பே புகார் எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். கண், கேமரா எல்லாம் காசிராஜன் மாதிரி ஆட்கள் சொல்லிக்கொள்ள.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் 196. பத்து மணிக்கு, பதினாலு மாசப் பில் புத்தகங்களை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு உலகம்மாள் வீட்டுக்குக் கிளம்பினேன். எங்கே போகிறீர்கள் என்று கனி கேட்டாள். சொன்னேன். பையை வாங்கி உள்ளே பார்த்துவிட்டு, கைப்பிடியை இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் அவள் எனக்காகச் செய்த முதல் காரியம்.

உலகம்மாள் மருந்துக் கடைக்குக் காகிதக் கவர் ஒட்டிக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கக் கவர். மகள் பரீட்சைக்குப் போயிருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. உட்காருங்கள் என்று சொல்லவும் இல்லை. ஒரு நாற்காலியில் இருந்த கவர்களை எடுத்துக் கீழே வைத்தாள். அதை அழைப்பாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை நிற்கவே இல்லை. மடிக்கிறாள், பசை தடவுகிறாள், நொட்டாங்கையால் தேய்க்கிறாள்.

"லெட்டர டைப் அடிச்சேன் அண்ணாச்சி. பஸ் ஏறிப் போயி வேற ஊருல போஸ்ட் பண்ணேன். பேரு போடல. பேரு கேக்க மாட்டோம்னு செவத்துல எழுதியிருந்தத நம்புனேன்" என்றாள். ஒரு கவரை ஒட்டி அடுக்கில் வைத்தாள். "பொட்டலத்த மட்டும் யோசிக்காம மடிச்சுட்டேன். பேர மறச்சேன், கைய மறந்துட்டேன்."

அது நான் கொடுத்த கை என்று எனக்குள் ஓடியது. சொல்லவில்லை.

நடந்ததைச் சொன்னேன். கதவு சாத்தியது, பத்து மூச்சு, எல்லாம். மேனேஜர் கொடுத்த பொய்த் தாளையும் எடுத்து வைத்தேன். அவள் அதை முழுக்கப் படித்தாள். நானூறு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். அது முதலாளிக்கும் எனக்கும் துண்டுக்குள் நடந்தது, மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. ஆனால் அவள் கேட்டாள்: "என் பேரச் சொன்னதுக்கு ஒங்களுக்கு என்ன கெடச்சுது?"

பழக்கம் பாருங்கள், என் கை தானாகத் தோளுக்குப் போய்த் துண்டை எடுத்துவிட்டது. மடியில் விரித்தும் விட்டேன்.

"துண்ட எடுங்க அண்ணாச்சி. வாயால சொல்லுங்க."

"குவிண்டாலுக்கு நானூறு" என்றேன்.

கவர் ஒட்டுகிற கை அப்போதுதான் நின்றது. என்னைப் பார்க்கவில்லை. விரலில் இருந்த பசையைப் புடவை ஓரத்தில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். நாற்பது வருஷத்தில் எத்தனையோ பேர் என் விலையைக் கேட்டு முகம் சுளித்துப் பார்த்திருக்கிறேன். அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "அதையும் வாக்குமூலத்துல எழுதணும்" என்றாள்.

பிறகு நான் பேரம் பேசினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். வெளுத்த வத்தல் விற்றதாக எழுதலாம், சாயத்துக்கு என்று தெரிந்தே விற்றதாக எழுத வேண்டாமே என்றேன். தெரிந்தே என்று எழுதினால் என் லைசென்ஸ் போய்விடும். முடியாது என்றாள். வேலை தருகிறேன், நாளைக்கே மண்டிக்கு வா என்றேன். வேண்டாம் என்றாள். மகள் படிப்புச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் அடுத்த கவரை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். கடைசியில், என்னைப் பற்றி மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அது இந்த யாவாரத்துல சேத்தி இல்ல அண்ணாச்சி."

நான் சம்மதித்துவிட்டு வந்தேன். நாளைக் காலையில் பத்து மணிக்கு வக்கீல் ஆபீசில் கையெழுத்து. மறந்துபோகாமலிருக்க, பேசி முடித்ததை முடித்தபடியே எழுதி வைக்கிறேன்.

என் பக்கம்: பதினாலு மாசப் பில், அசலாக. மேனேஜர் தந்த தாள், கையெழுத்துப் போடாமல். பொட்டலத்தை முதலாளி மேஜையில் பார்த்தது, அவளைக் காட்டிக்கொடுத்தது, சாயத்துக்கு என்று தெரிந்தே வெளுத்ததை விற்றது, குவிண்டாலுக்கு நானூறு வாங்கியது, இவ்வளவும் என் பெயரில் வாக்குமூலமாக. வியாழக்கிழமை மண்டியில் ஏலத்துக்கு ஆள் கூடி நிற்கும்போது, அவள் திருடவில்லை என்று என் வாயால், துண்டு போடாமல். பவழக்கொடிக்கு இனி ஒரு வத்தல் கிடையாது.

அவள் பக்கம்: ஒன்றும் இல்லை.

தள்ளுபடி கேட்டேன், கிடைக்கவில்லை. அதே விலைக்கு முடித்தேன்.